அத்தியாயம் 5: பி.எஸ்.டபிள்யூ. பட்டத்திலிருந்து உரிமம் வரை

அமெரிக்காவில் சமூகப் பணி படிக்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது, “எந்தக் காலேஜ் நல்லது?” என்றுதான். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோம்?” மருத்துவருக்கும் செவிலியருக்கும் போலவே சமூகப் பணியாளருக்கும் அங்கே உரிமம் தருவது மாநில அரசு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனி வாரியம், தனி விண்ணப்பம். டெக்சஸில் செல்லும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சிகனில் போய் உட்கார முடியாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டம் உங்களுக்காக, உரிமம் உங்களிடம் உதவி கேட்டு வருபவருக்காக. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் முதியவர், வீட்டில் அடி வாங்கிய குழந்தை, வாடகை கட்ட வழியில்லாத தாய் ஆகியோரில் எவரும் உங்கள் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்க்கும் நிலையில் இல்லை. அவர்கள் சார்பில் மாநிலம் பார்க்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு நிபந்தனையையும், “இது யாரைக் காப்பதற்கு?” என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். அலுப்பூட்டும் படிவங்களுக்கும் அப்போது அர்த்தம் தெரியும்.

இளநிலை உரிமம் எதற்கு?

சமூகப் பணியில் பொதுவாக மூன்று நிலைகளில் உரிமம் உண்டு. இளநிலை (பி.எஸ்.டபிள்யூ.) பட்டதாரிக்கு ஒன்று, முதுநிலை (எம்.எஸ்.டபிள்யூ.) பட்டதாரிக்கு ஒன்று, முதுநிலைக்குப் பின் மேற்பார்வையில் சில ஆண்டு பணியாற்றியவர்களுக்கு மருத்துவச் சமூகப் பணி உரிமம் ஒன்று. நாம் பேசப்போவது முதலாவதைப் பற்றி. பல மாநிலங்களில் இதை எல்.பி.எஸ்.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இந்த உரிமம் உள்ளவர்கள் மருத்துவமனையில் நோயாளி வீடு திரும்ப ஏற்பாடு செய்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்புத் துறையில் வீடு வீடாகப் போகிறார்கள். மெடிக்கெய்டு, உணவு உதவி போன்ற அரசுத் திட்டங்களுக்குக் குடும்பங்களைக் கொண்டு சேர்க்கிறார்கள். முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள். 120 படுக்கைகளுக்கு மேல் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒவ்வொன்றிலும் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது மத்திய அரசு விதி. அந்த இடத்துக்கு அது கேட்கும் குறைந்தபட்சத் தகுதி, சமூகப் பணியிலோ அதை ஒட்டிய துறையிலோ இளநிலைப் பட்டமும் மருத்துவச் சூழலில் மேற்பார்வையின்கீழ் ஓராண்டு பணி அனுபவமும்தான். ஆகவே இளநிலைப் பட்டத்துக்கு வேலையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லையும் உண்டு. மனநோயைத் தானே கண்டறிந்து பெயர் சொல்வது, தனியாக உளச்சிகிச்சை அளிப்பது ஆகியவை இந்த உரிமத்துக்குள் வராது. அதற்கு எம்.எஸ்.டபிள்யூ.வும் மருத்துவச் சமூகப் பணி உரிமமும் வேண்டும்.

ஒரே எழுத்துகள், வேறு வேறு பொருள்

நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இளநிலைப் பட்டதாரிக்கு உரிமமே கிடையாது. அங்கே உரிமம் என்ற பேச்சு முதுநிலையிலிருந்துதான் தொடங்குகிறது. நியூ ஜெர்சியில் பி.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்குக் கிடைப்பது ‘சான்று பெற்ற சமூகப் பணியாளர்’ என்ற தகுதி. டெக்சஸ், மிச்சிகன், அயோவா, கேன்சஸ், மேரிலாந்து ஆகிய மாநிலங்களில் எல்.பி.எஸ்.டபிள்யூ. உரிமம் இருக்கிறது.

பலர் தடுக்கி விழும் இடம் எல்.எஸ்.டபிள்யூ. என்ற மூன்றெழுத்துப் பெயர். ஒஹாயோவில் அது இளநிலைப் பட்டதாரியின் உரிமம். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் அதே பெயரில் உள்ளது முதுநிலைப் பட்டதாரியின் உரிமம். வேலை விளம்பரத்தில் ‘எல்.எஸ்.டபிள்யூ. தேவை’ என்று பார்த்தவுடன் விண்ணப்பித்துவிடாதீர்கள். அந்த மாநிலத்தில் அதற்கு என்ன பொருள் என்று வாரியத்தின் இணையதளத்தில் முதலில் பாருங்கள்.

முதல் படி: அங்கீகாரம் பெற்ற படிப்பு

உரிமம் கேட்பவரிடம் வாரியம் பார்க்கும் முதல் விஷயம், அவர் படித்த பாடத்திட்டத்துக்கு சி.எஸ்.டபிள்யூ.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்பது. சமூகப் பணிக் கல்விக்கான இந்தப் பேரவை 1952இல் தொடங்கப்பட்டது. இளநிலைப் படிப்புகளுக்கு அது அங்கீகாரம் தரத் தொடங்கியது 1974இல்.

இங்கே கவனம் தேவை. பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பெயர் இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரமும் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் வேண்டியது சமூகப் பணிப் படிப்புக்கு. உளவியல், சமூகவியல், ‘மனித சேவைகள்’ ஆகிய பட்டங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போலத் தோற்றமளிக்கும். வேலை கிடைக்கவும் உதவும். பெரும்பாலான மாநிலங்களில் இந்த உரிமத்துக்கு மட்டும் அவை உதவாது. மாசசூசெட்ஸ் போன்ற சில இடங்களில் வேறு துறைப் பட்டத்தோடு அனுபவத்தைக் காட்டி நுழைய வழி உண்டு, அது விதிவிலக்கு.

சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் சி.எஸ்.டபிள்யூ.இ. தளத்தில் உள்ள பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். ‘அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் நிலை’ என்று போட்டிருந்தால், துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதி, நீங்கள் முடிக்கும் ஆண்டில் நிலைமை என்னவாக இருக்கும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை நான்கு ஆண்டு கழித்து உதவாது.

இரண்டாம் படி: 400 மணி நேரக் களப்பணி

பி.எஸ்.டபிள்யூ. மாணவர் குறைந்தது 400 மணி நேரம் களத்தில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று போனால் 25 வாரம். அதாவது கடைசி ஆண்டின் இரண்டு பருவங்கள் ஏறக்குறைய இதற்கே போய்விடும். களத்தில் உங்களை வழிநடத்துபவர் அங்கீகாரம் பெற்ற படிப்பில் சமூகப் பணிப் பட்டம் பெற்று, அதன்பின் இரண்டு ஆண்டு பணியாற்றியவராக இருக்க வேண்டும்.

இதை முடித்தாக வேண்டிய சடங்காக நினைக்காதீர்கள். சமூகப் பணியில் வகுப்பறை சொல்லித் தர முடியாத பாடங்கள் இங்கேதான் கிடைக்கும். கோபமாகப் பேசும் குடும்பத்தாரிடம் குரல் உயர்த்தாமல் உட்கார்ந்திருப்பது எப்படி, கேட்டதை அன்றே பதிவேட்டில் எழுதி வைப்பது ஏன், எங்கே நம் அதிகாரம் முடிகிறது ஆகியவற்றை 400 மணி நேரத்தில் கற்றுக்கொண்டவருக்குத் தேர்வும் எளிதாகிறது, வேலையும் எளிதாகிறது.

அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் களப்பணி தொடங்கும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்குரிய பயிற்சி அனுமதி பற்றிப் பேசிவிட வேண்டும். சம்பளம் இல்லாத பணிதானே என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ‘டைட்டில் ஃபோர்-ஈ’ என்ற மத்திய நிதியிலிருந்து சில பல்கலைக்கழகங்கள் சமூகப் பணி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அதற்குக் கைமாறாக, படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசுக் குழந்தைகள் நலத் துறையில் வேலை பார்க்க வேண்டும். கையெழுத்திடும் முன் அந்தக் காலக்கணக்கைப் பாருங்கள். பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் கைரேகையும்

பட்டம் கைக்கு வந்ததும், சில மாநிலங்களில் கடைசிப் பருவத்திலேயே, வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பும் நகலை ஏற்க மாட்டார்கள். டெக்சஸில் கைரேகை வழியாகக் குற்றப் பின்னணி பார்க்கிறார்கள். அந்த மாநிலத்துச் சமூகப் பணிச் சட்டம் பற்றித் தனித் தேர்வு ஒன்றும் உண்டு.

படிவத்தில் பழைய வழக்குகளைப் பற்றிக் கேட்கும் பகுதி பலரைக் கலங்கவைக்கும். கல்லூரி நாளில் நடந்த ஒரு தவறு தானாகவே கதவை அடைத்துவிடாது. என்ன நடந்தது, அதன்பின் எத்தனை ஆண்டு ஆயிற்று, என்ன மாற்றம் வந்தது என்று வாரியம் பார்க்கும். மறைத்தது வெளியே வந்தால் கதை வேறு. நம்பிக்கையே முதலீடான தொழிலில் முதல் படிவத்திலேயே உண்மையை மறைத்தவர் மேல் வாரியம் எப்படி நம்பிக்கை வைக்கும்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீதிமன்ற ஆவணங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

நான்காம் படி: தேர்வு

பெரும்பாலான மாநிலங்கள் ஏ.எஸ்.டபிள்யூ.பி. நடத்தும் இளநிலைத் தேர்வைக் கேட்கின்றன. மாநில வாரியங்கள் சேர்ந்து 1979இல் உருவாக்கிய அமைப்பு இது. வரிசை முக்கியம்: முதலில் மாநில வாரியத்தின் ஒப்புதல், பிறகு ஏ.எஸ்.டபிள்யூ.பி.யில் பதிவும் கட்டணமும், அதன்பின் தேர்வு மையத்தில் நாள் குறிப்பது.

பல ஆண்டுகளாக இருந்துவந்த வடிவத்தில் தேர்வு 170 கேள்விகள், நான்கு மணி நேரம். அவற்றில் 150க்கு மட்டுமே மதிப்பெண். மீதி 20 கேள்விகள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எது எதுவென்று உங்களுக்குத் தெரியாது. வடிவமும் கட்டணமும் மாறக்கூடியவை. நீங்கள் எழுதும் ஆண்டின் தேர்வர் கையேட்டை இறக்கி முழுதும் படியுங்கள். தவறினால் மறுபடி எழுத 90 நாள் காத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன வடிவத்தில், மனித வளர்ச்சியும் பன்முகத்தன்மையும், மதிப்பீடு, தலையீடு, தொழில் உறவும் அறநெறியும் என்று நான்கு பகுதிகளிலிருந்து கேள்விகள் வரும். நம் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள். இந்தத் தேர்வு மனப்பாடத்தை அதிகம் கேட்பதில்லை. “முதலில் என்ன செய்ய வேண்டும்?”, “அடுத்து என்ன?”, “மிகச் சிறந்தது எது?” என்றுதான் கேட்கும். எல்லா விடைகளும் சரிபோலவே தெரியும். நானே எழுதிய மாதிரி ஒன்றைப் பாருங்கள்.

*பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற 78 வயதுக்காரர் தெளிந்த நினைவோடு இருக்கிறார். சொந்த வீட்டுக்கே போக விரும்புகிறார். முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார் மகள். சமூகப் பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?*

அ) மகளின் விருப்பப்படி இல்லத்தில் இடம் தேடுவது
ஆ) வீட்டில் உள்ள ஆபத்துகளைச் சொல்லி அவர் மனத்தை மாற்ற முயல்வது
இ) வீட்டில் இருக்க என்னென்ன உதவி தேவைப்படும் என்று அவரோடு பேசி மதிப்பிடுவது
ஈ) மருத்துவரே முடிவு செய்யட்டும் என்று விடுவது

சரியான விடை ‘இ’. நம் வீடுகளில் வளர்ந்தவர்களின் கை பெரும்பாலும் ‘ஆ’வுக்குப் போகும். நல்லதை எடுத்துச் சொல்லித் திருத்துவதையே உதவி என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். இந்தத் தொழிலின் அறநெறி, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அந்த மனிதருக்கே விடுகிறது. நினைவு தெளிவாக உள்ள பெரியவர் தன் வீட்டைக் கேட்கிறார் என்றால், அங்கே அவர் பாதுகாப்பாக இருக்க என்ன வேண்டும் என்று ஆராய்வதே முதல் வேலை. மகளின் பயமும் உண்மையானது. பெரியவரின் சம்மதத்தோடு மகளையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தொடங்குவது அவரிடம்தான்.

தேர்வுக்குத் தயாராகும்போது இந்த வரிசையைக் கையில் வையுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் பாதுகாப்பு முதலில். ஆபத்து இல்லையென்றால் செயலுக்கு முன் மதிப்பீடு. எப்போதும் வந்தவரின் விருப்பத்திலிருந்து தொடக்கம். பணம் கொடுப்பது, வீட்டுக்குச் சாப்பிட அழைப்பது, தெரிந்தவர் மூலம் காரியம் முடித்துத் தருவது போன்ற நம் அன்பின் வழக்கங்கள் இங்கே எல்லைமீறல் ஆகிவிடும். சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1960இல் முதன்முதலாக ஏற்ற அறநெறித் தொகுப்பின் இப்போதைய வடிவத்தைக் கதைப்புத்தகம் போல ஒருமுறை, சட்டப்புத்தகம் போல இன்னொரு முறை படியுங்கள்.

தேர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி நியாயமாக இருக்கிறதா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. 2022இல் ஏ.எஸ்.டபிள்யூ.பி. வெளியிட்ட தரவுகளில், கறுப்பினத்தவர், வயதில் மூத்தவர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் ஆகியோரின் தேர்ச்சி விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பது தெரிந்தது. இல்லினாய் மாநிலம் 2022 முதல் எல்.எஸ்.டபிள்யூ. உரிமத்துக்குத் தேர்வையே நீக்கிவிட்டது. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தவறினால் அதை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்குச் சில மாநிலங்கள் கூடுதல் நேரம் போன்ற சலுகை தருகின்றன. நாள் குறிப்பதற்கு முன்பே வாரியத்திடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். குறித்தபின் கேட்டால் பயனில்லை.

ஐந்தாம் படி: மேற்பார்வையில் பணி

டெக்சஸில் தேர்வு உள்ளிட்ட நிபந்தனைகளை முடித்ததும் உரிமம் கிடைக்கும். நிறுவனத்தில் வேலை பார்க்க அது போதும். தனியாகத் தொழில் நடத்த வேண்டுமானால் குறைந்தது இரண்டு ஆண்டில் 3000 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்றி, தனிப்பணி அங்கீகாரம் பெற வேண்டும்.

மிச்சிகனில் முழு உரிமத்துக்கே பட்டத்துக்குப் பின் 4000 மணி நேரம் மேற்பார்வைப் பணி வேண்டும். அதையும் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் செய்திருக்க வேண்டும். அதுவரை வரையறுக்கப்பட்ட உரிமத்தில் வேலை பார்க்கலாம்.

மாணவர் விசாவில் வந்தவர்கள் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைக்கும் விருப்பப் பயிற்சி அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சமூகப் பணிக்குப் பொதுவாக இல்லை. வாரம் 40 மணி நேரம் என்றால் ஓராண்டில் சுமார் 2080 மணி நேரம்தான் சேரும். 4000 மணி நேரம் கேட்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், மீதிக் காலத்துக்கு எந்த விசா என்ற கேள்விக்குக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பதில் வாங்கிவிடுங்கள்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் அந்தப் பொறுப்புக்கு வாரியம் கேட்கும் தகுதி உள்ளவரா என்று முதல் நாளே பாருங்கள். மணிக்கணக்கை மாதந்தோறும் எழுதி, அவருடைய கையெழுத்தையும் மாதந்தோறும் வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்; நிறுவனம் பெயர் மாறியிருக்கும். அப்போது கைகொடுப்பது அந்தத் தாள்கள்தான்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு

சி.எஸ்.டபிள்யூ.இ. தொடங்கிய அதே 1952இல்தான் சென்னை சமூகப் பணிக் கல்லூரியும் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் களப்பணி செய்து படித்த பலர் திருமணத்துக்குப் பின் அமெரிக்கா போய், “இனி என் படிப்பு வீணா?” என்று மனம் சோர்ந்திருக்கிறார்கள். வீண் இல்லை. வெளிநாட்டுச் சமூகப் பணிப் பட்டங்களை மதிப்பிடத் தனிச் சேவை ஒன்றை சி.எஸ்.டபிள்யூ.இ. நடத்துகிறது. பொதுவான பட்ட மதிப்பீட்டு நிறுவனங்களின் சான்று இதற்கு ஈடாகாது.

ஊருக்கு வரும்போது மூன்று காரியங்களை முடியுங்கள். பாடவாரியான பாடத்திட்ட நகலைத் துறையில் வாங்குங்கள். களப்பணி மணி நேரத்தைக் குறிப்பிட்டு, துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று பெறுங்கள். மதிப்பெண் பட்டியலை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பப் பல்கலைக்கழகத்தில் என்ன நடைமுறை என்று கேட்டு, கட்டணமும் கட்டிவிடுங்கள். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர்கள் மதிப்பீட்டுக் கட்டணம் கட்டும் முன் அந்தச் சேவைக்கு எழுதிக் கேட்பது நல்லது. அமெரிக்க இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உரிமம் வந்த பிறகு

உரிமத்தைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். டெக்சஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 30 மணி நேரத் தொடர்கல்வியோடு. மிச்சிகனில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 45 மணி நேரத்தோடு. அறநெறிப் பாடம் அதில் கட்டாயம். சான்றிதழ்களை ஒரே கோப்பில் வையுங்கள். வாரியம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

மாநிலம் மாறும் குடும்பங்களுக்கு நல்ல செய்தி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. உறுப்பு மாநிலங்கள் பலவற்றில் ஒரே உரிமத்தோடு பணியாற்ற வழிசெய்யும் மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை, ஏழு மாநிலங்கள் சேர்ந்ததும் 2024இல் உயிர்பெற்றது. இளநிலை உரிமமும் அதில் அடக்கம். உங்கள் மாநிலம் சேர்ந்திருக்கிறதா, உரிமம் வழங்கத் தொடங்கிவிட்டார்களா என்று இடம் மாறும் முன் பாருங்கள்.

மேலே படிக்க விரும்புபவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ. ஒரு குறுக்குவழியும் திறக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ.வை ஏறக்குறைய ஓராண்டில் முடிக்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

1. வேலை பார்க்கப்போகும் மாநிலத்தில் இளநிலை உரிமம் உண்டா? அதன் சரியான பெயர் என்ன?
2. சேரும் படிப்பு சி.எஸ்.டபிள்யூ.இ. பட்டியலில் இருக்கிறதா?
3. 400 மணி நேரத்துக்குக் குறையாத களப்பணிப் பதிவு இருக்கிறதா?
4. தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு, கைரேகை ஆகியவற்றில் எவையெவை தேவை?
5. மேற்பார்வை மணி நேரம் எவ்வளவு? விசாக் காலம் அதற்குப் போதுமா?
6. புதுப்பிக்கும் நாள் காலண்டரில் குறிக்கப்பட்டிருக்கிறதா?

எல்லாம் முடிந்து உரிமம் வரும் நாளில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பெற்றோருக்குப் படம் அனுப்புங்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் உரியவர். மறுநாள் காலை வார்டில் முதியவர் ஒருவர் உங்களைப் பார்த்து, “நான் வீட்டுக்குப் போகணும்” என்பார். உங்கள் உரிம எண்ணை அவர் கேட்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டில் எத்தனை படிக்கட்டு, இரவில் துணைக்கு யார் இருப்பார்கள் என்று அவரிடமே கேட்கத் தொடங்குங்கள்.